நாற்பத்தேழாம் சீட்டு

சுவரில் நான்கு பத்திகள்:
செய்யணும், செய்கிறோம், சோதனை, முடிந்தது.
எழுதியிருப்பது ஆங்கிலத்தில்தான்,
என் மனசு மட்டும் தமிழில் வாசிக்கும்.
டர்பன் கடற்காற்று ஜன்னலை மதிப்பதில்லை;
மதியத்துக்குள் பசை நனைந்து
இரண்டு மஞ்சள் சீட்டாவது தரையில் கிடக்கும்.
எந்தப் பத்தியிலிருந்து விழுந்தது என்று
தினமும் ஒரு வழக்கு.

நாற்பத்தேழு விழவில்லை.
அதை நானே எடுத்து முடிந்ததில் ஒட்டினேன்,
செவ்வாய், மூன்றரை மணி,
மூலையில் என் பெயரின் முதல் எழுத்து.
"தண்ணீர் லாரி வந்ததும்
தெருவுக்குச் செய்தி போக வேண்டும்."
பன்னிரண்டு சோதனை, பன்னிரண்டும் பச்சை.
டெஷ்னி கைதட்டினாள்.
மிச்ச வேலையைக் காட்டும் கோடு
மாடிப்படியில் பூனை மாதிரி
சத்தமில்லாமல் ஒரு படி இறங்கியது.

வியாழன் மாலை, வெருலம்.
குழாயைத் திறந்தால் இருமல். பதினோராம் நாள்.
ஆறு பத்துக்கு என் போன் துள்ளியது:
உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.
அந்த வாக்கியத்தை எழுதியதே நான்.
ஆச்சரியக்குறி வேண்டாம் என்று வாதாடி வென்றதும் நான்.
இரண்டு வாளி, ஒரு பெயிண்ட் டப்பா,
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன் முப்பது பேர்.
லாரி இல்லை.
ஈரமில்லாத தெருவில் வாளிகள் மட்டும்
வாய் திறந்து வரிசையாக.
எல்லார் கையிலும் ஒரே செய்தியின் வெளிச்சம்.
"எவன் செய்தான் இதை?" என்றாள் லோகா,
டயாலிசிஸ் முடித்து வந்த புருஷனைக்
காரிலேயே உட்கார வைத்துவிட்டு.
நான் பெயிண்ட் டப்பாவின் பிடியைச் சரிசெய்தேன்.

எட்டு மணிக்குத் தெரிந்தது:
லாரி எங்கள் தெருமுனையைத் தாண்டி
டொங்காட் பக்கம் போயிருக்கிறது.
வரைபடத்தில் நாங்கள் போட்ட வட்டத்துக்குள்
நாற்பது விநாடி இருந்திருக்கிறது.
வட்டத்துக்குள் வந்தால் வந்ததாகக் கணக்கு.
கணக்கு சரி. வாளி காலி.

வெள்ளி காலை, நின்றபடி நடக்கும் கூட்டம்.
நேற்று என்ன செய்தாய், இன்று என்ன, தடை என்ன,
ஆளுக்கு ஒரு நிமிஷம்.
"நேற்று நின்றேன்," என்றேன். "இரண்டு மணி நேரம்."
சீட்டை உரித்தேன்.
முடிந்ததிலிருந்து ஒரு சீட்டை
இடப்பக்கம் நகர்த்தும்போது
அறை எப்படி அமைதியாகும் என்று
எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்வதில்லை.

கமலசேன் சொன்னான்: "கேட்டது இதுதானே?
எழுதியபடி வேலை செய்கிறது."
உண்மை. எழுதியதும் நான்தான்.
"வாளி நிறைந்தது லாரிக்கு எப்படித் தெரியும்?"
அதுவும் நியாயம்.
மூலையிலிருந்து ஸமா,
குவாமாஷுக்காரி, பேச்சு குறைவு:
"டிரைவர் வால்வைத் திறந்தால் அழுத்தம் இறங்கும்.
இறங்கிய பிறகு போகட்டும் செய்தி."

எண் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து
ஒரே நேரத்தில் திருப்பினோம்.
மூன்று, எட்டு, எட்டு, இருபத்தொன்று.
இருபத்தொன்று கமலசேன்;
சென்சார் வாங்கும் ஆபீஸோடு
பேசப்போவது அவன்தான்.
சிரித்தோம். பிறகு பதின்மூன்று என்று எழுதினோம்,
யாருக்கும் பிடிக்காத,
எல்லோரும் ஒத்துக்கொண்ட எண்.
மிச்ச வேலைக் கோடு அன்று மேலே ஏறியது.
டெஷ்னி அதை அழிக்கவில்லை.

பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
"முதல் வாளி நிறைந்தபின்."

முடிந்தது என்றால் தீர்ந்தது,
முடிந்தது என்றால் இயன்றது,
முந்தானையில் காசு முடிந்ததற்கும் அதே சொல்.
இத்தனை நாள் நான் சோதித்தது
முதலாவதை மட்டும்.

ஞாயிறு, விடிவதற்கு முன்,
எந்தச் செய்தியும் இல்லாமல்
லாரி வந்து நின்றது.
வரிசையில் எனக்கு முன்னால் லோகா.
அவள் முதுகிடம் சொன்னேன்:
"அன்றைக்கு வந்த செய்தி, அது எங்கள் வேலை."
திரும்பினாள். பார்த்தது என் வாளியை, என்னை இல்லை.
"சரியாச்சா?"
"இன்னும் சோதனையில்."
"அப்போ இதைப் பிடி," என்று
நிறைந்த வாளியொன்றை என் கையில் தந்துவிட்டுக்
காலியானதை நீட்டினாள் குழாய்க்கு.